தாயாகும் முன்னே ஒரு மாத்திரை



மகப்பேறு வார்டில் சில வருடம் வேலை செய்த எந்த நர்ஸைக் கேட்டாலும், இப்படி ஒரு தாயைப் பார்த்ததாகச் சொல்லுவார். கல்யாணமாகி ஒரு வருடம், தலைப்பிரசவம். குழந்தை நன்றாக அழுகிறது. முகமும் கைகளும் அழகாக இருக்கின்றன. துடைப்பதற்காகக் குழந்தையைக் குப்புறத் திருப்பும்போதுதான் தெரிகிறது: முதுகின் கீழ்ப்பகுதியில் தோல் மூடவில்லை. அந்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவில் மெல்லிய சவ்வுப்பை ஒன்று புடைத்து நிற்கிறது. கால்களைத் தொட்டால் அசைவில்லை. வார்டில் பேச்சுச் சத்தம் அடங்கிவிடுகிறது.

சற்று நேரம் கழித்து அந்தத் தாய் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், டாக்டரம்மா கொடுத்த சத்து மாத்திரையை நான் ஒரு நாள்கூட விடலையே" என்று அழுவாள்.

அவள் சொல்வது உண்மை. மூன்றாம் மாதத்தில் முதல் முறை செக்கப்புக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டாள். ஆனால் பிள்ளையின் முதுகில் அந்தப் பிளவு ஏற்பட்டது அதற்கும் முன்னே. அந்த மாத்திரையில் இருந்த ஃபோலிக் அமிலம் அவளுக்கு வேண்டியிருந்த காலம், அவள் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்பே கடந்துபோய்விட்டது. இதைத் தடுக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதல் இருபத்தெட்டு நாட்கள்

கரு உருவான மூன்றாம் வாரத்தில் அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு சிறு தகடு தோன்றுகிறது. பாய் விரித்தாற்போல் தட்டையாக இருக்கும் அந்தத் தகட்டின் இரண்டு ஓரங்களும் மெல்ல எழும்பி, ஒன்றையொன்று நோக்கி வளைந்து, நடுவில் சேர்ந்து ஒட்டிக்கொள்ளுகின்றன. இப்படி உண்டாகும் குழாயை நரம்புக் குழாய் என்பர். அதன் மேல்முனை மூளையாகவும், மற்றப் பகுதி தண்டுவடமாகவும் வளருகிறது. இந்தக் குழாய் முழுவதும் மூடிக்கொள்ளுவது கரு உண்டான ஏறக்குறைய 28-ஆம் நாளில்.

மேல்பகுதி மூடாமல் போனால் மூளையும் மண்டை ஓடும் சரியாக உருவாகாது. அப்படிப் பிறக்கும் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாமல் போனால் அது முதுகெலும்புப் பிளவு. டாக்டர்கள் ஸ்பைனா பைஃபிடா என்பார்கள். நாம் மேலே சொன்ன குழந்தைக்கு இருந்தது இதுதான்.

இந்த 28 நாளைப் பெண்கள் வழக்கமாக எண்ணும் கணக்கில் பார்ப்போம். மாதவிலக்கு ஒழுங்காக 28 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்கு, நடுவில், சுமார் 14-ஆம் நாளில் கரு உண்டாகிறது. அடுத்த விலக்கு வரவேண்டிய நாளில் கருவுக்கு இரண்டு வாரம் ஆகிவிட்டிருக்கும். அதற்குப் பின் இன்னும் இரண்டே வாரத்தில் நரம்புக் குழாய் மூடும் வேலை முடிந்துவிடும். "நாள் தள்ளிப்போயிருக்கு" என்று அவள் கணவனிடம் மெதுவாகச் சொல்லி, மாமியாருக்கு விஷயம் தெரிந்து, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் அழைத்துப் போவதற்குள் அந்த இரண்டு வாரமும் ஓடிவிடும். 12 வாரத்துக்குள் பெயர் பதிந்தாலே சீக்கிரம் வந்துவிட்டாய் என்று நாம் பாராட்டுகிறோம். மற்ற அநேக காரியங்களுக்கு அது சீக்கிரம்தான். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அது பிந்திய வேளை.

அந்தப் பிள்ளையின் வாழ்க்கை

முதுகெலும்புப் பிளவோடு பிறந்த பிள்ளைக்கு, முடிந்தால் ஓரிரு நாட்களுக்குள் ஆப்பரேஷன் செய்து முதுகை மூடவேண்டும். இல்லாவிட்டால் தண்டுவடத்தில் கிருமி தொற்றிவிடும். அநேகருக்குத் தலையில் நீர் கோர்த்துக்கொள்ளும். அதை வடிக்க ஒரு மெல்லிய குழாயைத் தலையிலிருந்து வயிற்றுக்குள் பொருத்த நேரிடும். ஆப்பரேஷன் முதுகை மூடுகிறதே தவிர, கெட்டுப்போன நரம்பைத் திரும்பக் கொண்டுவருவதில்லை. கால்களில் பலமும் உணர்ச்சியும் குறைந்திருக்கும். உணர்ச்சியில்லாத பாதத்தில் முள் குத்தினாலும், சூடு பட்டாலும் பிள்ளைக்குத் தெரியாது. புண் வந்தால் ஆற நாளாகும். சிறுநீரும் மலமும் தன் கட்டுப்பாட்டில் இருக்காது. நாளைக்குப் பலமுறை ரப்பர் குழாய் போட்டுச் சிறுநீரை எடுக்கத் தாயும், பிறகு பிள்ளையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு இருந்தும் இந்தப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள், காலிப்பர் போட்டும் சக்கர நாற்காலியிலும் வளர்ந்து வேலைக்கும் போகிறார்கள். அவர்களைத் தாங்கும் குடும்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது. என்றாலும், தடுக்கக்கூடிய ஒரு வேதனையைத் தடுக்காமல் விடுவது சரியல்ல. நரம்புக் குழாய்க் குறைகள் இந்தியாவில் எவ்வளவு என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான மதிப்பீடு, 1000 பிறப்புக்குச் சுமார் 4 என்று சொல்லுகிறது. அதாவது ஏறக்குறைய 250 பிரசவத்தில் ஒன்று.

கோஷா ஆஸ்பத்திரியின் பங்கு

ஃபோலிக் அமிலத்தின் கதை நம் ஊர்ப் பெண்களிடமிருந்தே தொடங்கியது என்பது அநேகருக்குத் தெரியாது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலையில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுமையான இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய இரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் வீங்கிப் பெரிதாக இருந்தன. இது கிருமியால் வந்ததா, உணவுக் குறைவால் வந்ததா என்று அவர் பொறுமையாக ஆராய்ந்தார். 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்து அங்கே வேலையைத் தொடர்ந்தார். 1931-இன் தொடக்கத்தில் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு வைத்தியம் செய்தார். இன்று அது அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

அவர் கண்ட மருந்து மிகச் சாதாரணமானது. ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறுதான் அது. மலிவான அந்தப் பண்டத்தைக் கொடுத்ததும் சாகக் கிடந்த பெண்கள் தேறி எழுந்தார்கள். அதில் இருந்த பொருள் எதுவென்று தெரியாததால், 'வில்ஸ் காரணி' என்றே அதைச் சிறிது காலம் அழைத்தார்கள். 1941-இல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் நான்கு டன் பாலக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீன் மொழியில் ஃபோலியம் என்று பெயர். ஆகவே அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

அதைத் தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரிக்கும் வழியை 1945-இல் வெளியிட்ட லெடர்லி ஆய்வுக்கூடத்துக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்று எந்த மருந்துக் கடையிலும் ஃபோலிக் அமில மாத்திரை கிடைப்பதற்குப் பின்னால் இந்தப் பெரியவர்களின் உழைப்பு இருக்கிறது.

சோதித்துக் கண்டது

இரத்தசோகைக்குக் கொடுத்த சத்து, பிள்ளையின் முதுகெலும்புக்கு எப்படி உதவும்? உடலில் அணுக்கள் பிரிந்து பெருகும் இடத்திலெல்லாம் ஃபோலிக் அமிலம் தேவை. கருவின் முதல் வாரங்களில் அணுக்கள் பெருகும் வேகத்தைப்போல் வேறெப்போதும் இல்லை. தையற்காரர் கையில் நூல் குறைந்தால் தையல் நடுவில் நின்றுவிடுவதுபோல, இந்தச் சத்துக் குறைந்த வேளையில் நரம்புக் குழாயின் ஓரங்கள் சேராமல் போக ஏதுவாகிறது.

இங்கிலாந்தில் 1960-களிலேயே டாக்டர்கள் ஸ்மித்தெல்ஸும் ஹிப்பர்டும் இதைச் சந்தேகித்தார்கள். சந்தேகம் தீர்ந்தது 1991-இல். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களை ஏழு நாடுகளில் 33 மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்தன. ஃபோலிக் அமிலம் பெற்ற 593 பேரில் 6 பேருக்கே மறுபடியும் அந்தக் குறை வந்தது. பெறாத 602 பேரில் 21 பேருக்கு வந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால், இனியும் சில தாய்மாருக்கு மாத்திரை கொடுக்காதிருப்பது நியாயமல்ல என்று சோதனையை முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் ஹங்கேரி நாட்டில், முன்பு இந்தக் குறையே வராத தாய்மார்களிடமும் பலன் உண்டு என்று நிரூபித்தார்கள்.

நமக்கு மிகவும் பயன்படக்கூடியது சீனாவின் அனுபவம். அங்கே 1993 முதல் 1995 வரை, கல்யாணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த பெண்களிடம் தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கொடுத்து, கர்ப்பத்தின் மூன்றாம் மாதம் வரை சாப்பிடச் சொன்னார்கள். இந்தக் குறை அதிகமாக இருந்த வடபகுதியில், மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு 1000-க்கு 4.8 ஆக இருந்தது, உரிய காலத்தில் சாப்பிட்டவர்களுக்கு 1000-க்கு 1 ஆகக் குறைந்தது. குறை ஏற்கெனவே குறைவாக இருந்த தென்பகுதியிலும் 1 என்பது 0.6 ஆயிற்று. கல்யாணத்துக்கு முன்பே கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கீரை சாப்பிட்டால் போதாதா?

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி இது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, உளுந்து, நிலக்கடலை, முட்டை ஆகிய எல்லாவற்றிலும் இந்தச் சத்து உண்டு. கட்டாயம் சாப்பிட வேண்டும். ஆனால் இது தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை நெடுநேரம் வேகவைத்து, வடித்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் சத்தில் பெரும் பகுதி அதோடு போய்விடும். மீதியிருப்பதிலும் உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவு மாத்திரையிலிருந்து எடுத்துக்கொள்ளும் அளவைவிடக் குறைவு. ஆகவே கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

அமெரிக்கா 1998 முதல் மாவிலேயே இந்தச் சத்தைச் சேர்க்கக் கட்டளையிட்டது. சிலி நாடு 2000-இல் அப்படிச் செய்தது. இரண்டு நாடுகளிலும் இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள். 2023-இல் உலக சுகாதார மாநாடும் இப்படி உணவில் சேர்க்கும்படி எல்லா நாடுகளுக்கும் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் வீட்டில் ஊறவைத்து அரைக்கும் இட்லி மாவும், தெரு மில்லில் அரைக்கும் கோதுமையும் பெரிய தொழிற்சாலை வழியாக வருவதில்லை. எனவே நம் வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய வழி மாத்திரைதான்.

யாருக்கு எவ்வளவு?

பிள்ளை உண்டாகக்கூடிய ஒவ்வொரு பெண்ணும், கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, கர்ப்பத்தின் 12-ஆம் வாரம் முடியும் வரை, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட வேண்டும். மூன்று மாதம் முன்பே தொடங்கினால் இன்னும் நல்லது. மத்திய அரசு 2018-இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டியும் கருத்தரிப்பதற்கு முன்பே இதைச் சாப்பிடும்படி சொல்லுகிறது. வழிகாட்டுதல் தாளில் இருக்கிறது. ஆனால் கர்ப்பமாகாத பெண் எதற்காக ஆஸ்பத்திரிக்கு வருவாள்? அங்கேதான் இடைவெளி.

முன்பு இந்தக் குறையுள்ள குழந்தையைப் பெற்றவர்கள், கணவன் அல்லது மனைவிக்கே இந்தக் குறை இருப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ள பெண்கள், வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்கள் ஆகியோருக்கு அதிக அளவு தேவைப்படும். 1991 சோதனையில் கொடுத்தது 4 மில்லிகிராம், அதாவது பத்து மடங்கு. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. யாருக்கு எது என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். ஏனெனில் வைட்டமின் பி12 குறைவாக உள்ளவர்களுக்கு அதிக ஃபோலிக் அமிலம் அந்தக் குறையை வெளியே தெரியாமல் மறைத்துவிடக்கூடும். வலிப்பு மாத்திரையைப் பயந்து தானாக நிறுத்திவிடவும் கூடாது. கர்ப்பம் தரிக்குமுன் டாக்டரிடம் பேசினால் மருந்தை மாற்றித் தருவார்.

இரண்டாவது பிள்ளைக்கும் இதே விதிதான். முதல் பிள்ளை நன்றாகப் பிறந்தது என்பதால் அடுத்த முறை மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

யார்மேலும் பழி வேண்டாம்

மேலே சொன்ன தாயிடம் உறவினர்கள் என்னென்னவோ கேட்பார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாயா? அரிவாள்மனையில் காய் நறுக்கினாயா? யாருடைய சாபம்? பிறவிக் குருடனைக் கண்டபோது சீஷர்கள் குற்றம் யாருடையது என்று கேட்டதையும், ஆண்டவர் அந்தப் பிள்ளையையும் பெற்றோரையும் குற்றப்படுத்தாமல் விட்டதையும் நாம் அறிவோம். அதே மனதோடு நாமும் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார வேண்டும். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு இந்தக் குறை வருவதுண்டு. மாத்திரை பெரும்பாலானவற்றைத் தடுக்கிறது, எல்லாவற்றையும் தடுப்பதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, ஏற்கெனவே துக்கத்தில் இருக்கும் ஒரு தாயிடம் போய், "நீ முன்னமே சாப்பிட்டிருந்தால்" என்று தயவுசெய்து யாரும் சொல்லாதிருங்கள். அடுத்த பிள்ளைக்கு முன் டாக்டரைப் பார்க்கும்படி அன்போடு சொன்னால் போதும். அந்தத் தாய்க்குத்தான் இந்த மாத்திரை மற்ற எல்லாரையும்விட அதிகமாகத் தேவை.

எப்போது தொடங்குவது?

புதுப்பெண் புகுந்த வீட்டில் மாத்திரை சாப்பிடுவது எளிதல்ல. "பெண்ணுக்கு ஏதோ வியாதியோ?" என்று ஒருவர் நினைப்பார். "குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையோ?" என்று மாமியார் சந்தேகப்படுவார். அதற்குப் பயந்தே அவள் அட்டையைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்து மறந்துபோவாள். இது பிள்ளையைத் தள்ளிப்போடும் மாத்திரை அல்ல, பிறக்கப்போகும் பிள்ளைக்கான மாத்திரை என்று இரண்டு வீட்டாருக்கும் முன்னமே தெரிந்திருந்தால் இந்தச் சங்கடம் இல்லை.

ஆகவே நம் யோசனை இது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான நாளில் மாத்திரை தொடங்கட்டும். நம் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். முதல் ஓலை வாசித்த அன்று, பெண்ணின் தாயோ, சித்தியோ, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காவோ அவளிடம் இதைச் சொல்லட்டும். புடவைக்கும் நகைக்கும் சமையலுக்கும் நாள் கணக்குப் போட்டுப் பட்டியல் எழுதும் நாம், அதே பட்டியலில் இதற்கும் ஒரு வரி எழுதலாம். ஒரு நாள் மாத்திரைக்கு ஆகும் காசு, கடையில் ஒரு டீ குடிக்கும் காசைவிடக் குறைவு. இதர மதத்துச் சகோதரிகளின் வீடுகளிலும் நிச்சயதார்த்தம் உண்டு. அங்கேயும் இதைச் சொல்லலாம்.

வழக்கமாக இந்தப் பக்கங்களில் உங்கள் ஜெபத்தையும் காணிக்கையையும் கேட்கிறோம். இந்த முறை கேட்பது ஒரு வார்த்தை. அடுத்து உங்கள் வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வரும்போது, அந்தப் பெண்ணின் தாயைத் தனியே அழைத்து, "பெண்ணுக்கு ஃபோலிக் மாத்திரை ஆரம்பித்தாயிற்றா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால், இன்னும் உருவாகாத ஒரு பிள்ளையின் முதுகெலும்பு காக்கப்படலாம். யார் அந்தப் பிள்ளை என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியவராது. அது தன் கால்களால் ஓடித்திரியும், அவ்வளவே.